நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொள்கிறதா? உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்

காசிமேட்டுப் பொண்ணு:

எங்க நைனாவுக்கு 64 வயசு. காசிமேட்டில் முப்பது வருஷம் விசைப்படகில் போனவர். பிறகு கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். அவருக்கு இருப்பது பார்க்கின்சன், அதாவது உடம்பின் அசைவைத் தடுமாற வைக்கிற மூளை நோய் என்று தெரியவே எங்களுக்கு இரண்டு வருஷம் ஆனது.

முதலில் போனது மூக்கு. கூடையில் சங்கரா மீன் கெட்டு வீடே நாறுகிறது, அவர் மட்டும் "இன்னா பாப்பா, எனுக்கு ஒண்ணும் தெர்லியே" என்கிறார். ஜலதோஷம் என்று விட்டுவிட்டோம். ராத்திரி தூக்கத்திலேயே கத்துவார், கையை ஓங்குவார். பிறகு வலது தோள் இறுகியது. ஒரு கிளினிக்கில் தோள்பட்டை வாதம் என்று ஆறு மாசம் ஊசி போட்டு, கரண்ட் வைத்தார்கள். அதற்குள் வலை ஊசி பிடிக்கிற கை பாதி வேகத்துக்கு வந்துவிட்டது. கை நடுங்கவில்லை, அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் வராந்தாவில் நடந்து திரும்பச் சொன்னார். வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டியிருந்தது. திரும்புவதற்கு ஏழெட்டுக் குட்டி அடி வைத்தார். கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் தட்டச் சொன்னால், தட்டத் தட்ட வீச்சு சுருங்கிக்கொண்டே போனது. அதிலேயே டாக்டருக்குப் புரிந்துவிட்டது. 1817-ல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி எழுதியதே ஆறு பேரை வைத்துத்தான், அதிலும் சிலரைத் தெருவில் பார்த்துத்தான்.

இந்த நோயில், நடுமூளையில் டோபமைன் என்கிற ரசாயனத்தைச் சுரக்கிற செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகின்றன. கை காலில் பலம் இருக்கும், 'கிளம்பு' என்கிற உத்தரவுதான் தடுமாறும். லெவோடோபா மாத்திரை மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. காலையில் நன்றாக வேலை செய்த அதே மாத்திரை மத்தியானம் பலிக்கவே இல்லை. காரணம் எங்க வீட்டு மீன் குழம்பு! மீனின் புரதமும் மருந்தும் உள்ளே போவதற்கு ஒரே வழிக்குப் போட்டி போடுமாம். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாற்றி, மீனை ராத்திரிக்குத் தள்ளினோம். படகுக்காரர் தட்டில் பகலில் மீன் இல்லை என்று அம்மா அழுதே விட்டாள். ஆனால் அன்றைக்கு மத்தியானம் நைனா தானாக எழுந்து தெருமுனை வரை போய் வந்தார்.

இன்னும் மிச்சம் இருப்பது வாசப்படி. எங்களுடையது ஹவுசிங் போர்டு வீடு, பாத்ரூம் கதவு ஒடுக்கம். அங்கே வந்தால் கால் பசை போட்ட மாதிரி நின்றுவிடும். இழுத்தால் விழுவார். ஒரு நாள் என் தம்பி பின்னால் நின்று "ஏலேலோ ஐலசா" என்றான். 'ஐலசா'வில் வலது கால் எழுந்தது! தாளம் கேட்டாலோ, தாண்ட ஒரு கோடு தெரிந்தாலோ மூளை வேறு வழியில் காலைக் கிளப்புகிறது என்று பிசியோதெரபி அம்மா விளக்கினாங்க. இப்போது தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறோம்.

பெரம்பூர் ரிட்டையர்டு:

தங்கச்சி, எனக்கு நேர் எதிர். கை மடியில் இருந்தால் ஆடாது, டீ கிளாஸைத் தூக்கினால் ஆடும். அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது. பார்க்கின்சன் என்று பயந்து ஒரு வருஷம் டாக்டரிடமே போகவில்லை. போனால், இது வேறு வகை நடுக்கம் என்று புரோப்ரனலால் கொடுத்தார்கள். ஆஸ்துமா இருக்கிறவர்களுக்கு அது ஆகாது, முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வியாசர்பாடி மருமகள்:

எங்க அத்தைக்குத் தலைசுற்றலுக்கு சின்னரிசின் எழுதினார்கள். பழைய சீட்டைக் காட்டியே ஒன்றரை வருஷம் வாங்கிப் போட்டோம். முகத்தில் சிரிப்பே போய், இரண்டு கையும் இறுகி, பொம்மை மாதிரி நடந்தார். புது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வேற என்ன மாத்திரை போடுறாங்க?" நிறுத்தி நாலு மாசத்தில் மறுபடி கோலம் போட்டார். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் பையில் போட்டு எடுத்துப் போங்க.

காசிமேட்டுப் பொண்ணு:

அக்கா, நல்லவேளை சொன்னீங்க. ஆனால் லெவோடோபாவை மட்டும் யாரும் தானாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். உடம்பு விறைத்துக் காய்ச்சல் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

திருவொற்றியூர்:

மாமாவுக்கு மூளையில் கம்பி வைக்கிற ஆபரேஷன் என்கிறார்கள். குணமாகுமா?

காசிமேட்டுப் பொண்ணு:

நாங்களும் கேட்டோம் அண்ணா. மூளைக்குள் மெல்லிய கம்பி, காலர் எலும்புக்குக் கீழே பேட்டரி. நோயை நிறுத்தாது. நடுக்கமும், மருந்து ஏறி இறங்கி உடம்பு படுகிற பாடும் குறையும். லெவோடோபாவுக்கு நன்றாகக் கேட்கிற உடம்புக்குத்தான் பெரும்பாலும் பலன். மாமாவுக்கு எந்தெந்த மணியில் உடம்பு இளகுகிறது, எப்போது இறுகுகிறது என்று ஒரு வாரம் நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்க. எங்க டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.