புதுப்பிப்பு: மந்தநிலையில் விலையைக் குறைக்கலாமா?

மூன்று மாதம் முன்பு, ஆர்டர்கள் பாதியாகிவிட்டன, விலையை இறக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. விலையில் கை வைக்கவில்லை. "முதலில் வரவேண்டிய பணத்தை வசூல் பண்ணுங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் காப்பாற்றியது. கணக்கில் லாபம் இருந்தது, கையில் பணம் இல்லை. காரணம், நான் கொடுத்துவந்த 60 நாள் கடன். இப்போது பாதி முன்பணம், மீதி 15 நாளில். இரண்டு வாடிக்கையாளர்கள் விலகிவிட்டார்கள், வருத்தம்தான். ஆனால் யாருக்கும் சம்பளம் தள்ளிப்போகவில்லை. எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

அப்புறம், நான் அப்போது குறிப்பிட்ட, பயணிகளுக்கு வீடுகளை வாடகைக்குப் பிடித்துத்தரும் இணையதளமான ஏர்பிஎன்பியின் கதையைச் சிலர் விரிவாகக் கேட்டீர்கள். 2008 நெருக்கடியில் முதலீட்டாளர்கள் கைவிரித்தபோது, நிறுவனர்கள் அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் பெயரில் தானிய உணவுப் பெட்டிகளை 40 டாலர் வீதம் விற்று, சுமார் 30,000 டாலர் திரட்டினார்கள். 2009 தொடக்கத்தில், புது நிறுவனங்களுக்கு முதலீடும் பயிற்சியும் தரும் ஒய் காம்பினேட்டர் சேர்த்துக்கொள்ளும்வரை தாக்குப்பிடிக்க அது உதவியது. 2020 மே மாதம் பெருந்தொற்றால் கால்வாசி ஊழியர்களை அனுப்ப நேர்ந்தது. அதே டிசம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தார்கள்.

என் ஆர்டர்கள் இன்னும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. புது வாடிக்கையாளர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.