சிகாகோவின் பழைய ஜெர்மன் உணவகம் பெர்காஃப் போனவர்கள் இருக்கிறீர்களா?

2006 பிப்ரவரி. ஆடம்ஸ் தெரு பெர்காஃபை 28ஆம் தேதியோடு மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆபீஸிலிருந்து நேராக ஓடினேன். கொட்டும் குளிரில் வாசலைத் தாண்டி நீண்ட வரிசை. உள்ளே, பக்கத்து மேசையில் எண்பது வயது இருக்கும் ஒரு பெரியவர், தனியாக. சவர்பிராட்டன் என்ற ஜெர்மன் இறைச்சி உணவைப் பாதிகூடச் சாப்பிடவில்லை. கூடையில் மிச்சமிருந்த ரை ரொட்டித் துண்டை எடுத்து, காகிதக் கைக்குட்டையில் சுற்றி, கோட்டின் உள்பையில் வைத்தார். அப்புறம் பையை மேலாக இரண்டு முறை தட்டிப் பார்த்துக்கொண்டார். அந்தக் கை இன்னும் கண்ணில் நிற்கிறது. அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டேனே என்று இன்றும் உறுத்துகிறது.

*

அக்கா, மூடியதோடு நிறுத்திவிட்டீர்களே! கடையைத் தொடங்கிய ஹெர்மன் பெர்காஃபின் கொள்ளுப்பேத்தி அதே இடத்தில் மறுபடி திறந்து நடத்தினாரே. ஹெர்மன், ஜெர்மனியின் டார்ட்மண்டிலிருந்து 1870இல் வந்த மனிதர். 1893 உலகக் கண்காட்சியில் பீர் விற்றுப் பார்த்துவிட்டு 1898இல் கடை போட்டார். பீருக்கு ஐந்து சென்ட், சாண்ட்விச் இலவசம். மதுவிலக்குக் காலத்திலும் ரூட் பீர் என்ற மது இல்லாத பானம் விற்றுத் தாக்குப்பிடித்த குடும்பம், அவ்வளவு எளிதில் விட்டுவிடுமா?

நான் மகளோடு போனேன். ரூட் பீர் குடித்துக்கொண்டிருந்தவளிடம், 1969 வரை இந்த பாரில் பெண்களை விடமாட்டார்கள் என்றேன். குவளையை டக்கென்று வைத்துவிட்டு, "அப்போ அம்மா வெளியிலயா நிப்பாங்க?" என்றாள். எனக்கு வார்த்தையே வரவில்லை.

*

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேறொரு ஊர், வேறொரு ஜெர்மன் கடை. அம்மாவும் நானும் சிவப்பு முட்டைக்கோஸ் வாங்கினோம். பாதியில் என் பல்லில் பேக்கன், அதாவது பன்றி இறைச்சித் துண்டு, கடிபட்டது. எதிரே அம்மா, பிறந்ததிலிருந்து சைவம், "நல்லா இருக்குடா" என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்றுவரை நான் சொல்லவில்லை.

அதனால் கேட்டுவிட்டு வாங்குங்கள். உருளைக்கிழங்கு சாலட் சூடாக வந்தால் பெரும்பாலும் பேக்கன் இருக்கும். ஷ்பெட்ஸ்லே என்ற ஜெர்மன் நூடுல்ஸின் மாவில் முட்டை உண்டு. மேலே ஊற்றும் குழம்பு அநேகமாக இறைச்சிச் சாறு. கீரையில்கூடச் சில இடங்களில் பேக்கன் தூவுவார்கள். உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் சாஸும் கேட்டால், அடையில் முட்டை உண்டா, எதில் பொரிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் போதாது. பேக்கன், கொழுப்பு, இறைச்சிச் சாறு எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பெரியவர்களைக் கூட்டிப் போவதாக இருந்தால் முதல் நாளே போன் போட்டுவிடுங்கள்.