பிள்ளைக்கு முதல் டியோடரண்ட்: உங்கள் வீட்டில் எப்படி ஆரம்பித்தது?

மழைத்துளி
மகளுக்கு 10 வயது. ஸ்கூல் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டாளாம். வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். "தினமும் குளிக்கிறேனேம்மா" என்று உள்ளேயிருந்து கேட்ட குரல் இன்னும் என் காதில் நிற்கிறது. ஒரு மாதமாக அவள் சட்டையில் அந்தக் கற்றாழை நாற்றம் எனக்கே தெரிந்தது. எப்படிச் சொல்வதென்று தள்ளிப்போட்டேன். கடைசியில் வேறொரு குழந்தை சொல்லிவிட்டது. அன்றைக்கே மணமில்லாத ரோல்-ஆன் வாங்கிவிட்டேன், ஆனாலும் மனது ஆறவில்லை.

இரு பையன்களின் அப்பா
பெரியவன் ஏழாம் வகுப்பு. ஸ்ப்ரே கேட்டான், கொடுத்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டு, விளையாடி வந்த அழுக்குச் சட்டை மேலேயே அடித்திருக்கிறான். சின்னவனுக்கு வீசிங் உண்டு. இருமி இருமி அவன் என் கையைப் பிடித்த பிடி மறக்காது. அன்றோடு ஸ்ப்ரே போச்சு, இப்போது ஸ்டிக்தான்.

தென்றல்
இந்த வயதில் எதற்குக் கெமிக்கல்? நன்றாகக் குளித்துவிட்டு அக்குளில் கொஞ்சம் சமையல் சோடா தடவினால் போதும். என் மகளுக்கு ஒரு வருடமாக அதுதான்.

நிலா அம்மா
தென்றல் சிஸ்டர், உங்கள் மகளுக்கு ஒத்துக்கொண்டது சரி. என் பையனுக்கு நாலே நாளில் அக்குள் சிவந்து தோல் உரிந்தது. கையைத் தூக்க முடியாமல், சட்டையைக் கழற்ற என்னைக் கூப்பிட்டான். சோடா காரம், நம் தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது; எல்லாருக்கும் தாங்காது.

மழைத்துளி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வேர்வைக்கே பெரிதாக வாடை கிடையாது. பருவ வயதில் அக்குளில் இன்னொரு வகைச் சுரப்பி வேலை செய்ய ஆரம்பிக்கும். அது விடுவதைத் தோலில் இருக்கும் பாக்டீரியா சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. உங்கள் மகள் குளிக்காததால் வந்ததல்ல, இதை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள். அக்குளில் சோப்பு போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்த பிறகு தடவச் சொல்லுங்கள். டியோடரண்ட் வாடையைத்தான் குறைக்கும். ஆன்டிபெர்ஸ்பிரண்ட் வேறு, அதில் உள்ள அலுமினிய உப்பு வேர்வையையே குறைக்கும். சட்டை நனைகிற அளவு வேர்க்காவிட்டால் அது தேவையில்லை. புதிதாக எது வாங்கினாலும் முழங்கை மடிப்பில் சில நாள் தடவிப் பாருங்கள். பாலியஸ்டர் துணி வாடையை விடாது, பருத்தி தேவலை. அப்புறம், பெண் குழந்தைக்கு 8, பையனுக்கு 9 வயதுக்கு முன்பே இந்த வாடை வந்தால் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

மழைத்துளி
நன்றி நிலா அம்மா. சுரப்பி விஷயத்தை நேற்று ராத்திரியே சொன்னேன். "அப்போ அவளுக்கும் வருமா?" என்று மட்டும் கேட்டாள். வரும் என்றேன். இன்று காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கையைத் தூக்கிக்காட்டி, "மோந்து பாரும்மா" என்றாள்.