தாத்தாவின் பெரிய பேஸ் வாத்தியத்தை மறுபடி ஊத வைக்க வழி சொல்லுங்கள்

சோழவந்தான்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா பேண்டு செட்டில் பேஸ் (டியூபா வகைப் பெரிய பித்தளை ஊது வாத்தியம்) வாசித்தவர். அவருடைய வாத்தியம் ஊரில் மாட்டுத் தொழுவத்துக்கு மேலே பரணில் பல வருஷமாகக் கிடந்தது, இப்போதுதான் இறக்கினோம். மூன்றரை அடி உயரம், அணைத்துப் பிடித்துத்தான் தூக்க முடிகிறது. பெல்லில், அதாவது விரிந்த வாய்ப் பகுதியில், 'பூசி அண்டு கோ, லண்டன்' என்று பொறித்திருக்கிறது.

விரலால் அழுத்தும் மூன்று வால்வும் அசையவில்லை. சுருதி சேர்க்க இழுக்கும் குழாயான டியூனிங் ஸ்லைடு இறுகிக் கிடக்கிறது. மவுத்பீஸ் இல்லை. குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது. பெல் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒடுக்கு, அதை ஒட்டி முடி மாதிரி இரண்டு மூன்று விரிசல்.

ஒரு பாத்திரப் பட்டறையில் காட்டினோம். வால்வுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் குழாய்கள் யாரோ பிற்பாடு ஒட்டியவை, வெட்டி அடைத்துவிட்டு முழுசாக பஃப் (மிஷினில் தேய்த்துப் பளபளப்பாக்குவது) போட்டால் தங்கம் மாதிரி ஆகிவிடும் என்றார்கள். மனசு ஒப்பவில்லை, திருப்பி எடுத்து வந்துவிட்டோம். என் தம்பி சர்ச் பேண்டில் யூஃபோனியம் (இதே வகையில் சின்ன வாத்தியம்) வாசிக்கிறான். கிறிஸ்துமஸுக்கு இதை அவன் ஊத வேண்டும் என்பது ஆசை. வரவேற்பறையில் வைத்து அழகு பார்க்க இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

தெற்குவாசல் பேஸ்:
தம்பி, அந்தச் சின்னக் குழாய்களில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். அவை லண்டனிலேயே வைத்தவை. மூன்றாவது வால்வை மற்ற வால்வோடு சேர்த்து அழுத்தும்போது குழாயின் நீளம் போதாமல் சுரம் ஏறிவிடும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் முதல் இரண்டு வால்வுக்கும் கூடுதல் குழாய். பூசி கம்பெனியில் இருந்த டேவிட் பிளெய்க்லி 1870-களில் உருவாக்கிய அமைப்பு இது. வெட்டினால் அடி சுரங்கள் எதுவும் சேராது. பூசியும் ஹாக்ஸ் என்ற இன்னொரு லண்டன் கம்பெனியும் 1930-ல் ஒன்றாகிவிட்டன. வெறும் பூசி என்று இருப்பதால் உங்களுடையது அதற்கு முந்தையது.

பஃப்பும் வேண்டாம். பெல்லின் தகடு அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், ஒவ்வொரு பஃப்பும் அதைத்தான் தின்னும்.

முதல் வேலை குளவி மண். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், கட்டி உடைந்து உள் வளைவில் போய் அடைத்துக்கொள்ளும். தொட்டித் தண்ணீரில் ஊறப் போட்டு, மண் கரைந்த பிறகு ஹோஸ் பைப்பால் மெதுவாக ஓட விடுங்கள். உள்ளே களிம்பும் இருக்கும். நன்றாகக் கழுவி முடிக்கும்வரை வாய் வைத்து ஊதிப் பார்க்க வேண்டாம்.

அப்புறம் வால்வு. மேல் மூடி, அடி மூடி இரண்டின் மரையிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். கட்டிங் பிளேயர் வைத்துத் திருகினால் மூடி நசுங்கும், அதற்குப் பதில் கொட்டாப்புளியால் சுற்றிலும் லேசாகத் தட்டிவிட்டுக் கையால் திருகுங்கள். அடி மூடி கழன்றதும், துணி சுற்றிய மரக் குச்சியால் பிஸ்டனைக் கீழிருந்து மேலே நெட்டலாம். ஒரு தடவையில் வராவிட்டால் மறுபடி எண்ணெய். பிஸ்டனில் 1, 2, 3 என்று எண் இருக்கும், மாற்றிப் போட்டுவிடாதீர்கள். உப்புத்தாள் பக்கமே போக வேண்டாம். பிஸ்டனுக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமுடியை விட மெல்லியது. தேய்த்து விட்டால் காற்று ஒழுகும், பிறகு பிளேட்டிங் போட்டுத்தான் சரி செய்ய வேண்டும்.

ஸ்லைடுக்கும் அதே எண்ணெய். ஊறிய பிறகு வளைவுக்குள் ஒரு துண்டைக் கோத்து, இரு முனையையும் பிடித்து வெடுக்கென்று இழுங்கள்.

பித்தளைப் பட்டறைப் பொண்ணு:
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பித்தளை வேலை. தொழுவம் என்று படித்ததும் அந்த விரிசலைப் பற்றித்தான் யோசித்தேன் அண்ணே.

அடித்து வளைத்த பித்தளைக்குள் ஒரு இழுவிசை தங்கியிருக்கும். அதன் மேல் அம்மோனியா ஆவி வருஷக்கணக்கில் பட்டால் தானாகவே விரிசல் விடும். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே மழைக்காலத்தில் துப்பாக்கித் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் வைத்திருக்கிறார்கள், தோட்டாவின் பித்தளைக் கூடுகள் வெடித்திருந்தன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாதான் காரணம் என்று 1921-ல்தான் விளக்கம் கிடைத்தது. மாட்டுத் தொழுவத்திலும் வேறென்ன இருக்கிறது?

ஆகவே இரண்டு விஷயம். முதலில், விரிசலை அடைக்காமல் ஒடுக்கு எடுக்கவே கூடாது. தட்டத் தட்ட விரிசல் நீளும். விரிசல் நிற்கும் முனையில் ஊசித் துளை போட்டு, உட்புறமாக மெல்லிய பித்தளைத் தகடு வைத்து ஈயப்பற்று போடச் சொல்லுங்கள். ஈயப்பற்று 183 டிகிரி அளவிலேயே உருகும், சுற்றியுள்ள பழைய இணைப்புகளும் அப்படித்தான். பக்கத்து இணைப்புகளில் ஈரத்துணி சுற்றாமல் கேஸ் டார்ச்சைக் காட்டினால் ஒன்றைப் பற்றவைக்கும்போது நான்கு கழன்று வரும். இரண்டாவது, ஈயம் பூசுகிற பழக்கத்தில் நவச்சாரம் போடுவார்கள். அதிலிருந்தும் அம்மோனியாதான் வரும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வெளியே புளி போட்டுத் துலக்கலாமா என்று வீட்டில் கேட்பார்கள். குடத்துக்குச் சரி, இதற்கு வேண்டாம். அமிலம் மடிப்பிலும் வால்விலும் தங்கினால் துத்தநாகம் கரைந்து பித்தளை செம்பு நிறத்துக்குப் போய்விடும். வாய் வைக்கும் பக்கத்துக் குழாயில் ஏற்கெனவே சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஊசித் துளை அங்கேதான் முதலில் விழும்.

சோழவந்தான்காரன்:
அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ரொம்ப நன்றி. மூன்று பிஸ்டனும் வெளியே வந்துவிட்டன, இரண்டாவதுதான் கடைசிவரை அடம்பிடித்தது. விரிசலுக்கு நீங்கள் சொன்னபடியே உள்பக்கம் தகடு வைத்தாயிற்று. மவுத்பீஸும் வால்வு ஸ்பிரிங்கும் உத்தரப் பிரதேசத்தில் பேண்டு வாத்தியங்கள் செய்யும் மீரட் ஜாலி கோட்டியிலிருந்து வரவழைத்தோம். வால்வுக்கு மெத்தையாக வைக்கும் கம்பளித் துண்டு, ஃபெல்ட், இங்கே மதுரையிலேயே ஆர்மோனியம் பழுது பார்ப்பவரிடம் கிடைத்தது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி ஊதிப் பார்த்தோம், ஒரே இடத்தில் குமிழி வந்தது, அதையும் அடைத்தாயிற்று.

தம்பி ஊதினான். வீட்டுக் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது, அம்மா அழுதுவிட்டார்கள்.

ஆனால் கீபோர்டோடு சேரவில்லை. வால்வு எதுவும் அழுத்தாமல் ஊதினால் பி-பிளாட்டுக்கும் பி-க்கும் நடுவில் நிற்கிறது. ஸ்லைடை முடிந்தவரை இழுத்தும் இறங்கவில்லை. வால்வு தேய்ந்துவிட்டதா? என்ன எண்ணெய் விடுவது?

தெற்குவாசல் பேஸ்:
வால்வு தேய்மானம் சுருதியை இப்படி ஏற்றாது. இருந்தாலும் பார்த்துவிடுங்கள். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடைக் கொஞ்சம் இழுத்து, சில நொடி கழித்து வால்வை அழுத்தினால் 'பொப்' என்று சத்தம் வர வேண்டும். வந்தால் காற்று ஒழுகவில்லை. வால்வு ஆயில் வரும்வரை தையல் மிஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துப் பிடித்துக்கொள்ளும்.

சுருதிக்குக் காரணம் வேறே. அந்தக் காலத்து ஆங்கிலேய பேண்டுகள் வாசித்ததே உயர்ந்த சுருதியில். இப்போது ஏ என்ற சுரம் நொடிக்கு 440 அதிர்வு என்றால் அவர்களுக்கு 452 சொச்சம். 1960-களின் நடுவரை அங்கே பித்தளை வாத்தியங்கள் அப்படித்தான் வந்தன. நம் கணக்கில் கால் கட்டை கூடுதல், அதுதான் பி-பிளாட்டுக்கும் பி-க்கும் நடுவே நிற்கிறது. தாத்தாவின் செட்டில் எல்லா வாத்தியமும் அதே சுருதியில் இருந்திருந்தால் அவருக்கு இது தெரியவே வந்திருக்காது.

உங்களுடையது டபுள் பி-பிளாட், அதாவது பி-பிளாட் சுருதியில் பெரிய பேஸ், 18 அடிக் குழாய். கால் கட்டை இறக்க மொத்தம் ஆறு அங்குலம் நீளம் வேண்டும், டியூனிங் ஸ்லைடின் ஒவ்வொரு காலிலும் மூன்று அங்குலம். மூன்றாவது வால்வு ஸ்லைடை அரை அங்குலம் வெளியே வையுங்கள், முதலாவதை அதைவிடக் குறைவாக, இரண்டாவதை இன்னும் கொஞ்சமாக.

பழைய ஸ்லைடை வெட்டி ஒட்டு போடச் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். நீளமான புது ஸ்லைடு ஒன்று செய்யுங்கள், பழையதைத் துணி சுற்றிப் பெட்டியில் வையுங்கள்.

சோழவந்தான்காரன்:
சரிங்கண்ணே. மீரட்டுக்குப் பழைய ஸ்லைடை மாதிரிக்கு அனுப்பட்டுமா?

தெற்குவாசல் பேஸ்:
அனுப்ப வேண்டாம், வழியில் தொலைந்தால் மறுபடி கிடைக்காது. உள் குழாயின் வெளி விட்டத்தை வெர்னியரால் (நுண்ணளவு பார்க்கும் கருவி) மூன்று இடத்தில் அளந்து, இரண்டு காலுக்கும் நடுவே உள்ள தூரத்தையும் குறித்து அனுப்புங்கள். வெர்னியர் இல்லாவிட்டால் லேத் பட்டறையில் கொடுத்து அளந்து வாங்குங்கள், ஸ்கேல் வைத்து அளந்தால் சரிவராது.