மேட்டரிங் = பொருட்டுணர்வு?

வணக்கம்.

மற்றவர்கள் நம்மைக் கவனிக்கிறார்கள், நாம் அவர்களுக்கு வேண்டியவர் என்ற உணர்வை ஆங்கிலத்தில் மேட்டரிங் (mattering) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் பேச்சில் 'முக்கியத்துவ உணர்வு', 'மதிப்புணர்வு', 'பொருண்மை' என்று நேற்று வந்த மூன்று சொற்களையும் வாக்கியத்தில் வைத்து எழுதிப் பார்த்தேன். 'முக்கியத்துவ உணர்வு' சரிவராது. அமெரிக்க ஆலோசனைத் துறைப் பேராசிரியர் நான்சி ஸ்க்லாஸ்பெர்க் 1989-இல் இந்தக் கருத்தைக் கல்லூரி மாணவர் நலப் பணிக்குக் கொண்டுவந்தபோது, சமூகவியலாளர் மாரிஸ் ரோசன்பெர்க் வகுத்த நான்கு கூறுகளோடு பாராட்டையும் சேர்த்து ஐந்தாக்கினார், அந்த ஐந்தில் முக்கியத்துவம் ஒன்று மட்டுமே. அதையே மொத்தத்துக்கும் பெயராக வைத்தால் அடுத்த பத்தியிலேயே மாட்டிக்கொள்வோம். 'மதிப்புணர்வு' தன்மதிப்போடு குழம்பும். தன்மதிப்பு என்னைப் பற்றி நானே நினைப்பது, இதுவோ மற்றவர் கணக்கில் நான் இருக்கிறேனா என்பது. 'பொருண்மை' மொழியியலில் வேறு வேலை பார்க்கிறது.

"என்னை ஒரு பொருட்டாவே மதிக்கல" என்று வீட்டிலும் தெருவிலும் தினமும் சொல்கிறோமே, அந்த வருத்தத்தின் மறுபக்கம்தான் மேட்டரிங். அதனால் 'பொருட்டுணர்வு' என்கிறேன். 'பொருட்டு' என்றால் 'காரணமாக' என்றுதானே பொருள் என்று ஒருவர் கேட்டிருந்தார். அதுவும் இருக்கிறது, ஆனால் "ஒரு பொருட்டல்ல" என்பதை யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை. 'பொருளல்லவரைப் பொருளாகச் செய்யும்' என்ற குறளில் (751) இதே கருத்து 'பொருள்' என்ற சொல்லிலேயே இருக்கிறது, ஆனால் இன்று 'பொருளுணர்வு' என்று எழுதினால் பணத்தாசை என்றுதான் படிப்பார்கள்.

இன்னொரு வசதி, வினைச்சொல் தயாராக இருக்கிறது. மாணவருக்கு ஏற்படுவது பொருட்டுணர்வு, நாங்கள் செய்ய வேண்டியது பொருட்படுத்துதல்.

நான் அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் விடுதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஆகஸ்டில் புது மாணவர்கள் வரும்போது ஒவ்வொரு அறைக் கதவிலும் பெயர்ச்சீட்டு ஒட்டுவோம். ஒரு மாணவியின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. மூன்று வாரம் கழித்துத்தான் கவனித்தேன், அதற்குள் அவளே கறுப்பு மார்க்கரால் அந்த எழுத்தை இடுக்கில் நுழைத்து எழுதியிருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "யாரும் படிக்கமாட்டாங்கன்னு நினைச்சேன்" என்றாள். அவள் எல்லாக் கூட்டங்களுக்கும் வந்தவள், பட்டியலில் இருந்தவள். ஆனால் வராமல் போயிருந்தால் யாராவது தேடியிருப்பார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கே புதுச் சீட்டு அடித்து ஒட்டினேன். 'முக்கியத்துவ உணர்வு' என்ற சொல் அந்தக் கதவருகே எனக்குப் பொருந்தவே இல்லை.

அப்புறம், இதன் எதிர்ச்சொல்லான மார்ஜினாலிட்டிக்கு (marginality, இந்த இடத்தில் நான் சேர்த்தியில்லை என்ற உணர்வு) 'விளிம்புநிலை' வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தமிழில் அது சாதி, வறுமை சார்ந்த ஒடுக்குதலைச் சொல்லும் கனமான சொல், அந்தக் கனம் அப்படியே இருக்கட்டும். ஸ்க்லாஸ்பெர்க் சொல்வது இன்னும் பரந்தது: புதிய இடத்துக்கு, புதிய பொறுப்புக்குப் போகும் எவருக்கும் வரக்கூடியது, சிலருக்குச் சில மாதங்களில் போய்விடுவது, இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே வாழ்பவர்க்கோ நிலைத்தே விடக்கூடியது. "ஊரோடு ஒட்டவே இல்லை" என்கிறோம் அல்லவா, 'ஒட்டாமை' போதும்.

ஐந்து கூறுகளில் நான்கிற்குச் சிக்கல் இல்லை: கவனிப்பு, முக்கியத்துவம், சார்ந்திருத்தல், பாராட்டு. மிச்சம் ஈகோ எக்ஸ்டென்ஷன். என் வெற்றியில் ஒருவர் பெருமைப்படுவார், நான் தோற்றால் அவருக்கும் வலிக்கும் என்ற நம்பிக்கை அது. 'தன்னீட்சி' என்று யாரோ முன்பு எழுதியிருந்தார்கள், எனக்கு அது ரப்பர் இழுப்பதுபோல் கேட்கிறது. 'பங்குகொள்ளல்' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன், இதைவிட நல்லதாகக் கிடைத்தால் சொல்லுங்கள்.