எழுத்துப்பிழை வேண்டாம், வேறு சொல் வேண்டும் (அவசரம்)

தஞ்சாவூரிலிருந்து:

அன்பர்களே, வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான சி மொழிச் செய்முறைக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. வட்டு நிறைந்துபோய் நிரலின் வெளியீடு கோப்பில் ஏறாமல் போகிறதே, ஆங்கிலத்தில் ‘ரைட் எரர்’, அதற்குப் பழைய படியில் ‘எழுத்துப்பிழை’ என்று இருக்கிறது. ஆய்வகத்தில் ஒரு பையன் அதைப் படித்துவிட்டு, பிரிண்ட்எஃப் என்ற அச்சிடும் கட்டளைக்குள் இருந்த தமிழ் வாக்கியத்தில் எங்கே ஒற்று விட்டுப்போனது என்று தேடிக்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது.

கும்பகோணத்திலிருந்து:

எழுதுபிழை. வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது. ‘எழுதுப்பிழை’ என்று யாரும் ஒற்றைத் திணித்துவிடாதீர்கள். ‘எழுத்து’ வன்றொடர்க் குற்றியலுகரம் என்பதால்தான் அங்கே ‘ப்’ வந்தது. மூன்று காலத்துக்கும் பொருந்தும் என்பது கூடுதல் ஆதாயம்.

மன்னார்குடியிலிருந்து:

ஐயா, எந்தக் காலத்தில் தவறியது என்பதுதானே இங்கே சிக்கலே! பிரிண்ட்எஃப் எத்தனை பைட்டுகள் என்று எண்ணிச் சொல்லிவிட்டுப் போய்விடும். தரவு இடையகத்தில்தான், அதாவது வட்டுக்குப் போகுமுன் தங்கும் நினைவகப் பகுதியில்தான், கிடக்கும். அதை வெளியே தள்ளும் எஃப்ஃப்ளஷ், தள்ளிவிட்டுக் கோப்பை மூடும் எஃப்க்ளோஸ் அழைத்தால்தான் உண்மை தெரியும். நெட்வொர்க் வட்டாக இருந்தால் சில சமயம் க்ளோஸ் வரைக்கும்கூடத் தெரியாது. நிரலின் முதன்மைப் பகுதியான மெயின் முடிகையில் மிச்சத்தைத் தானாக வெளியே தள்ளுவார்கள், ஆனால் அது தோற்றால் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். லினக்ஸில் ‘வணக்கம்’ நிரலின் வெளியீட்டை எப்போதும் ‘நிறைந்துவிட்டது’ என்றே சொல்லும் டெவ் ஃபுல் என்ற போலிச் சாதனத்துக்குத் திருப்பிப் பாருங்கள். ஒரு எழுத்தும் போய்ச் சேராது, முடிவு நிலை மட்டும் 0, அதாவது ‘எல்லாம் சரி’, என்று வரும்.

அப்புறம், ‘பிழை’ என்றால் செய்தவன் தலையில் விழும். வட்டு நிறைந்ததற்கு நிரலர் என்ன செய்வார்? ‘வழு’வும் ஆகாது, அதை நிரலில் உள்ள குறையான ‘பக்’குக்குக் கொடுத்தாயிற்று. என் வாக்கு ‘எழுதல் தோல்வி’.

பேராவூரணியிலிருந்து:

மேட்டூரில் திறந்துவிட்டோம் என்று ஜூன் 12-இல் சொல்லிவிடுவார்கள். எங்கள் வயலுக்கு வந்ததா என்பது வேறு கதை. பிரிண்ட்எஃப் சொல்லும் கணக்கும் அதேதான். ‘கடைமடைப்பிழை’ என்று வையுங்கள், டெல்டா பையன் மறக்கவே மாட்டான்.

மன்னார்குடியிலிருந்து:

டெல்டா பையன் சரி, கோயம்புத்தூர் பையன்? தவிர, இடையகம் இல்லாமல் நேராக எழுதும் ரைட் கட்டளையை அழைத்தால் தலைமடையிலேயே தோற்கலாமே.

கும்பகோணத்திலிருந்து:

‘தோல்வி’ போட்டியில் வருவது. எழுதுவதற்கே நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. பெரிய கோயிலில் ராஜராஜன் ‘கல்லிலே வெட்டுக’ என்றுதான் ஆணையிட்டான். வெட்டு, பொறிப்பு இரண்டையும் விட்டுவிட்டு ‘எழுதல்’ என்று ஏன் மெலிய வேண்டும்? ‘பொறிப்பு வழுவல்’ என்று பாருங்கள், எவ்வளவு கம்பீரம்!

திருவாரூரிலிருந்து:

அண்ணா, ‘வெட்டு’ என்றால் பிள்ளைகள் வெட்டி ஒட்டுவார்கள். கம்பீரம் இருக்கட்டும், கையேட்டின் நிரலையும் யாராவது பாருங்கள். எஃப்க்ளோஸை மட்டும் சோதித்திருக்கிறார்கள். நடுவில் ஒரு தடவை தோற்று, பிறகு இடம் கிடைத்துவிட்டால் கடைசி எஃப்க்ளோஸ் ‘சரி’ என்றே சொல்லக்கூடும். அதனால் முதலில் இதுவரை ஏதாவது தவறியதா என்று சொல்லும் எஃப்எரர், பிறகு எஃப்க்ளோஸ், இரண்டையும் பார்க்க வேண்டும். எஃப்எரர் தவறியது என்று மட்டும் சொல்லும், ஏன் என்று சொல்லாது. எஃப்க்ளோஸ் தோற்றால் எர்நோ என்ற மாறியில் காரணத்தின் எண்ணை வைக்கச் சொல்வது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரம்தான், சி மொழியின் தரம் அதைக் கட்டாயமாக்கவில்லை. பாசிக்ஸ் அல்லாத இயங்குதளங்களிலும் ஓட வேண்டுமென்றால் காரணத்தை அச்சிடுவதை நம்பி இருக்காதீர்கள். சோதிக்க டெவ் ஃபுல் மேக்கில் கிடையாது, யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த ஃப்ரீபிஎஸ்டியில் உண்டு. சொல்லைப் பற்றி: எழுதல் தோல்விக்கே என் வாக்கும்.

தஞ்சாவூரிலிருந்து:

நிரலைத் திருத்திவிட்டேன், நன்றி. அதிக வாக்கு விழுந்த ‘எழுதல் தோல்வி’ போகிறது. ஃப்ளஷுக்கு ‘வெளித்தள்ளல்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், அதை இப்போது கிளப்பாதீர்கள்.

கும்பகோணத்திலிருந்து:

பெயர்ச்சொல்லாக ‘எழுதல்’ வந்தால் ‘எழுதற்றோல்வி’ என்று புணர வேண்டும். அடுத்த பதிப்பிலாவது திருத்துங்கள். வெளித்தள்ளல் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.