பிரசவமான வீட்டுக்கு முதலில் வந்து உட்கார்ந்தவர் யார்?

எனக்கு நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

தேனிப் பக்கம் எங்கள் கிராமம். 2019-இல் முதல் பிள்ளை, ஆபரேஷன். வீட்டுக்கு வரும்போதே காம்பு இரண்டும் வெடித்து ரத்தம் கசிந்தது. பிள்ளை வாய் வைத்தால் உயிர் போய் உயிர் வரும். சுற்றி நின்ற உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே பேச்சு: "பால் பத்தலை, பவுடர் வாங்கு." பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் சுவர் முழுக்கத் தாய்ப்பால் போஸ்டர்தான். ஆனால் பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று பக்கத்தில் நின்று காட்ட ஒருவரும் வரவில்லை.

ஆறாம் நாள் எங்கள் தெரு அக்கா வந்தார். அங்கன்வாடியில் நடக்கும் தாய்மார் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறவர். அவர் மகளுக்கு அப்போது எட்டு மாதம். கையைக் கழுவிக்கொண்டு வந்து கட்டிலில் என்னை ஒட்டி உட்கார்ந்தார். தலையணையை மடியில் வைத்து, "கழுத்தை மட்டும் திருப்பாதே தங்கம், அவன் வயிறு உன் வயித்தோட ஒட்டணும்" என்றார். காம்பால் அவன் மேலுதட்டைத் தடவச் சொன்னார். ரெண்டு தடவை சும்மா இருந்தான். மூன்றாவது தடவை கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறந்தான். "இப்ப அணை" என்றார். காம்போடு அதைச் சுற்றியிருக்கிற கறுப்பும் வாய்க்குள் போனது, முகவாய் மார்பில் அழுந்தியது. "கேளு" என்றார். மெல்லிசாக, விழுங்குகிற சத்தம்.

வலி அன்றே முழுசாகப் போகவில்லை, ஆனால் பல்லைக் கடிக்காமல் பால் கொடுத்தேன். கிளம்பும்போது சொன்னார்: "ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போறானான்னு எண்ணு. போனா பால் பத்துதுன்னு அர்த்தம்." ராத்திரி முழுக்க ஈரத்துணியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

*

ஜார்க்கண்டில் வேலை பார்த்த செவிலியர்:

மேற்கு சிங்பூம் மாவட்டத்தில் சில வருடம் இருந்தேன். ஆதிவாசிக் கிராமங்கள், ரோடு வரைக்கும் நடந்துதான் வர வேண்டும். அங்கே சக்ரதர்பூரை மையமாக வைத்து வேலை செய்யும் 'ஏக்ஜுட்' என்ற அமைப்பு தொடங்கிவைத்த பெண்கள் கூட்டங்கள் மாதம் ஒரு முறை நடக்கும். நடத்துகிறவர் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை, உள்ளூர்ப் பெண். கையில் படம் போட்ட அட்டைகள். எந்தப் பிரச்சினை நம் ஊருக்குப் பெரிது என்று பெண்களே கூழாங்கல் வைத்து ஓட்டுப் போடுவார்கள்.

நான் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் ஒரு கதை சொன்னார்கள். பிறந்த குழந்தை செத்துப்போனது. ஏன்? உடம்பு குளிர்ந்துவிட்டது. ஏன் குளிர்ந்தது? பிறந்ததும் குளிப்பாட்டிவிட்டார்கள். ஏன் குளிப்பாட்டினார்கள்? இப்படி ஏன், ஏன் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு பாட்டி திடீரென்று தலை குனிந்து அழுதார். அவர் வீட்டுக் கதையும் அதுதானாம். யாரும் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் தோளில் கை வைத்தார். அடுத்த மாதம் பிரசவம் ஆன வீட்டில், குழந்தையைத் துடைத்து அம்மா நெஞ்சில் போட்டுப் போர்த்தச் சொல்லிக் காவல் நின்றவர் அதே பாட்டி.

இதை மனசுக்கு இதமான கதை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2005 முதல் 2008 வரை ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் மூன்று மாவட்டங்களில், 36 பகுதிகளைப் பிரித்து, பாதியில் குழு நடத்தி, பாதியில் நடத்தாமல் ஒப்பிட்டார்கள். குழு இருந்த இடங்களில் பிறந்து 28 நாளுக்குள் சாகும் குழந்தைகள் 32 சதவீதம் குறைந்திருந்தார்கள். 2010-இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் வந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2014-இல் இப்படிப்பட்ட குழுக்களைப் பரிந்துரைத்தது.

*

விழுப்புரத்திலிருந்து ஒரு மாமியார்:

நான் மருமகளுக்குத் துணையாகத்தான் தாய்மார் கூட்டத்துக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், அங்கே என்ன சொல்லிக் கெடுக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். என் மூன்று பிள்ளைக்கும் முதலில் சர்க்கரைத் தண்ணீர்தான் வைத்தோம், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டினோம். கூட்டத்தில் ஒரு பெண் கோலிக்குண்டு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள். "முதல் நாள் பிள்ளை வயிறு இவ்வளவுதான் அத்தை. ஒரு டீஸ்பூன் சீம்பாலிலேயே நிறைஞ்சிடும்." அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேத்தி பிறந்தபோது சர்க்கரைத் தண்ணீரோடு வந்த என் நாத்தனாரை வாசலிலேயே நிறுத்தினேன். மருமகள் தண்ணீர் கேட்டால் செம்பு நிறையக் கொடுத்தேன். அந்தக் கூட்டத்தில் என்னைக் குற்றவாளி மாதிரி நடத்தியிருந்தால் மறுவாரமே போயிருக்க மாட்டேன்.

*

திருச்சி, ஒரு தந்தை:

மறுபக்கத்தையும் எழுத வேண்டும். என் மனைவி இருந்த வாட்ஸ்அப் குழுவில், மூன்றாம் நாள் குழந்தை மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டாள். பதினைந்து பேர் "காலை வெயிலில் காட்டுங்க" என்றார்கள். இரண்டு நாள் காட்டினோம். உள்ளங்காலும் மஞ்சளாகி, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தபோதுதான் ஓடினோம். நீல விளக்கின் கீழ் கண்ணைக் கட்டிப் படுக்க வைத்தார்கள். பிழைத்தான், நன்றாக இருக்கிறான். அந்தப் பதினைந்து பேர் மீதும் எனக்குக் கோபமில்லை, எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சள், பால் குடிக்க மறுப்பு, காய்ச்சல், வலிப்பு என்று யாராவது எழுதினால், "இப்பவே கிளம்புங்க" என்பதைத் தவிர வேறு பதில் வரக் கூடாது. 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

*

கோவை, ஒரு அம்மா:

என் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான். ஒன்றரை மாதமாகத் தினமும் அழுகை, பிள்ளையைத் தூக்கவே பயம். "திமிர்" என்றார்கள். கூட்டத்தில் ஒரு அக்கா என் பக்கத்தில் வந்து, "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ரெண்டு வாரம் தாண்டுனா டாக்டர்கிட்ட போயிடணும்" என்றார். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அவரே கூட வந்தார். நான் உள்ளே பேசி முடிக்கும்வரை வெளியே பெஞ்சில் என் மகளை மடியில் போட்டு, பாலாடையில் பீய்ச்சி வைத்த பாலைப் புகட்டிக்கொண்டிருந்தார். வெளியே போகவே முடியாதவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம், மனநல ஆலோசனைக்கான அரசு இலவச எண்.

*

தேனி, மறுபடியும்:

திருச்சித் தம்பி எழுதியதைப் படித்ததும், அங்கன்வாடிக் கூட்டத்தில் ஒட்ட அந்த அறிகுறிகளைச் சார்ட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன், பெரிய எழுத்தில். மேல் தெருவில் ஒரு பெண் நேற்றுத்தான் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள், பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் மாதிரி இருக்கிறதாம். கிளம்புகிறேன். காய்ச்சல் நிஜமாக இருந்தால் ஆட்டோவிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய்விடுவேன். வந்து எழுதுகிறேன்.